மறித்தவர் கையைத் தரவேண்டும்

கதிரை அக்காவை வாசலில் மறித்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது நாய் வேலை பார்த்திருக்கிறார்கள். நானும் பார்த்திருக்கிறேன். எட்டு நாள்.

வெளியூர்ச் சனத்திடம் இதைச் சொன்னால் முகத்தைச் சுளிக்கும். வெள்ளைக்காரனின் கடற்படை போய் ஏழெட்டு வருசத்தில் திருகோணமலைத் துறைமுகத்தடியில் வேலை செய்த ஆட்கள் யாராவது மிச்சம் இருந்தால் அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள். பிறகு தங்கள் கையைப் பார்த்துக்கொள்வார்கள்.

அக்காவுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. பத்து வயதில் வந்த அம்மை, போகும்போது பார்வையையும் கொண்டுபோய்விட்டது. கன்னியாஸ்திரிமார் பிரம்பு பின்னப் பழக்கினார்கள். துறைமுகத்தடி அலுவலகங்களில், எங்கள் பேச்சில் கந்தோர்களில், உட்காரும் கதிரைகளின் பிரம்பு தேய்ந்து ஓட்டை விழுந்தால் அதைப் பிரித்துப் புதிதாகப் பின்னுவது அக்காதான்; அதனால்தான் அந்தப் பேர். கந்தோர் கந்தோராக அவர் நடந்து வருவார். மாதா கோயிலடியில் ஒரு அறையில் தனியாக இருந்தார். நடக்கும்போது இடது பக்கத்தில் சுக்கான்.

சுக்கான் என்பது நாய். தோணியைத் திருப்புகிற சுக்கானை நினைத்து அக்கா வைத்த பேர். இறங்குதுறையில் உடைந்த வள்ளத்துக்குக் கீழே பிறந்த மண்ணிற ஊர்நாய். ஒரு அடையாளமும் கிடையாது. அதைப் போல நூறு நாய் சந்தையடியில் படுத்திருக்கும். முன்பு கடற்படைக்காரரின் கதிரைகளுக்குப் பிரம்பு போட்டுக்கொண்டிருந்தபோது, தங்கள் நாட்டில் சண்டையில் கண் போன பட்டாளக்காரரை நாய்கள் கூட்டிக்கொண்டு திரிகின்றன என்று ஒரு வெள்ளைக்காரன் சொன்னானாம். அக்கா அன்றைக்குச் சிரித்துவிட்டாராம்.

“பிறகு யோசிச்சன் தம்பி. அங்கத்த நாய்க்கு என்ன ரெண்டு மூளையோ?”

இரண்டு வருசம் பழக்கினார். தடித்த பிரம்பை வளைத்துத் தானே ஒரு கைபிடி செய்து, துணி வாரில் பொருத்தி அதன் முதுகில் கட்டினார். அந்த வாரைக் கட்டினால் சுக்கான் வேறு ஆள். எங்கள் ஊரில் மான்கள் தெருவில் மேயும். எந்த நாயும் ஒருதரம் துரத்திப் பார்க்காமல் விடாது. சுக்கான் மானுக்குப் பக்கத்தால் போகும், தலையைக்கூடத் திருப்பாது. தெருவோரச் சாக்கடைக் கான் வந்தால் நிற்கும். படி வந்தால் நிற்கும். குரைக்கவே குரைக்காது.

வார் கட்டியிருக்கும்போது அக்கா அதை ‘நீங்கள்’ என்றுதான் கூப்பிடுவார். “நில்லுங்கோ.” “இடப்பக்கம் பாருங்கோ.” வாரைக் கழற்றிவிட்டால், “டேய், இஞ்ச வாடா கள்ளா.”

நான் ஒருநாள் கேட்டேன்: “அக்கா, என்னை நீ எண்டுறியள். நாயை நீங்கள் எண்டுறியள். இது என்ன நியாயம்?”

“அவர் உத்தியோகத்தில நிக்கிறார். நீ வாசல்ல நித்திரை கொள்ளுறாய்.”

அது முழுப் பொய் இல்லை. நான் அங்கே ஒரு கந்தோரின் வாசற்காவல்காரன். பாலையூற்றிலிருந்து சைக்கிளில் போய்வருகிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். மிச்சப் படிப்பெல்லாம் வாசலால் வந்துபோன சனத்தின் வாயிலிருந்து படித்ததுதான். அக்காவின் வாயிலிருந்து படித்தது அதில் பெரிய பங்கு. “ஐயோ பாவம் எண்டு சொன்னவன் ஒருத்தனும் கதவு திறந்து விட்டதில்லை” என்பார். “குருட்டிக்கு வழி சொல்ல ஆயிரம் பேர், படி சொல்ல ஒருத்தரும் இல்லை” என்பார்.

ஆனால் அக்காவென்றால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது அந்த ஒரு வழக்கம்தான். நாயோடு உள்ளே வரக்கூடாது என்று யாராவது மறித்தால் அவர் சண்டை பிடிக்கமாட்டார், கெஞ்சவும் மாட்டார். நின்ற இடத்திலேயே நின்று ஒரு கேள்வி கேட்பார். ஒருநாள் பஸ்ஸில் நடந்ததை நானே பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

“நாய் ஏத்த ஏலாது” என்றான் கொண்டக்டர்.

“மறிக்கிறது ஆர்?”

“நான்தான். கொண்டக்டர்.”

“அப்ப கையைத் தா.”

“என்னத்துக்கு?”

“இவரை மறிச்சால் இவற்ற வேலையை ஆர் செய்யிறது? மறிச்சவர்தான் செய்யோணும். சந்தையடியில இறங்கி, மீன்கடையளைத் தாண்டி, பிரம்புக்காரன்ர வாசல்ல என்னை விட்டுட்டு வா. பஸ் நிக்கட்டும்.”

பஸ்ஸில் இருந்த சனம் சிரித்தது. “போ மகனே, போ!” என்று ஒரு மீன்காரக் கிழவி கத்தினாள். வெட்கத்தில் அவனால் மறுக்க முடியவில்லை. சுக்கானைப் பஸ் தரிப்பிடத்திலேயே கட்டிவிட்டு அக்காவை ஏற்றினான். சந்தையடியில் இறங்கி, கையைக் கொடுத்து, முன்னால் இழுத்துக்கொண்டு போனான். முதற் கானிலேயே அக்காவின் கால் விழுந்தது. கூடைக்காரியோடு ஒருதரம் முட்டுப்பட்டார். பிரம்புக்கடை வாசலில் நின்று முழங்காலைத் தடவிக்கொண்டு மெல்லச் சொன்னாராம்: “பரவாயில்லை. இவரும் முதல் மாசம் உன்னைப் போலத்தான்.”

அடுத்த நாள் அதே கொண்டக்டர் தானே இறங்கிச் சுக்கானை ஏற்றினான்.

கோயிலில் மணியடிக்கிறவருக்கும் அதே கதை. ஒரு தேத்தண்ணிக் கடைக்காரருக்கும் அதே கதை. ஒவ்வொருவரும் ஒரு தடவை கையைக் கொடுப்பார்கள். ஒரு தடவை அக்காவை எதிலாவது மோதவைப்பார்கள். அத்தோடு வாசல் திறந்துவிடும். நாங்கள் அதை ஒரு விளையாட்டாகப் பார்த்தோம். விளையாட்டுக் காட்டுகிறவருக்கு முழங்காலில் எத்தனை காயம் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

எங்கள் கந்தோரில் அந்தப் பிரச்சினை வந்ததே இல்லை, புதுத்துரை வரும்வரை. ஆள் தமிழர்தான், கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்தவர். வெள்ளைக்காரன் இருந்த கதிரையில் யார் இருந்தாலும் அப்போது எங்களுக்குத் துரைதான். அவர் வந்த அந்தக் கச்சான் காற்றுக் காலத்தில்தான் பட்டினத்தில் விசர்நாய்க்கடி, அதாவது வெறிநாய்க்கடிப் பயமும் தொடங்கியது. ஒரு ஆள் செத்துப்போனார் என்று கதை. நாய்பிடிகாரரின் வண்டி தெருத் தெருவாக ஓடத் தொடங்கியது. கழுத்தில் லைசன் தகடு இல்லாத நாய் எதுவென்றாலும் தூக்கிப் போட்டுக்கொண்டு போவார்கள். சுடலைக்குப் பின்னால் ஒரு கம்பிவலைக் கொட்டகை. பின்னேரம் இரண்டு மணிக்கு எல்லாவற்றையும் முடித்துவிடுவார்கள்.

ஒரு திங்கட்கிழமை எங்கள் வாசலில் பலகை தொங்கியது: நாய்கள் உட்செல்லத் தடை.

நான் துரையிடம் போய்த் தலையைச் சொறிந்தேன். “ஐயா, கதிரை பின்ன வாற அக்காவுக்குக் கண் தெரியாது. அந்த நாய்...”

“நாயை வெளியில கட்டட்டும். ஆரும் கையைப் பிடிச்சுக் கூட்டிவாங்கோ. இஞ்ச முஸ்லிம் ஆக்களும் வேலை செய்யினம், அவைக்கும் நாய் ஆகாதெல்லோ.”

கிண்ணியாவிலிருந்து பாதை ஏறி, அதாவது கடலைக் கடக்கிற அந்தத் தட்டைப் படகில் ஏறி, தினமும் வருகிற பெரிய கிளாக்கர் அப்போது பக்கத்தில் நின்றார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: “எங்களை என்னத்துக்கு ஐயா இதுக்குள்ள இழுக்கிறீங்க? நாலு வருசமா அந்த நாய் என்ட மேசைக்குப் பக்கத்தால போகுது. நாய்ட எச்சில் ஈரம் பட்டா கழுவத் தண்ணி இரிக்கி. நான் ஒருநாளும் முறைப்பாடு சொன்னதில்லை.”

துரை பேனையைத் திறந்தார். அதற்கு அர்த்தம், வெளியே போங்கள்.

பத்து மணிக்கு அக்காவும் சுக்கானும் வந்தார்கள். நான் வாசலுக்குக் குறுக்கே நின்றேன். சுக்கான் நின்றது. அக்காவின் முகம் என் பக்கம் திரும்பியது.

“என்ன தம்பி, வாசல்ல மாடு நிக்குதோ?”

“அக்கா... நாய் உள்ளுக்கு வர ஏலாதாம். ஓடர்.”

“ஓடர் ஆற்ற?”

“துரையின்ர.”

“துரையை நான் கேக்கேல்ல. இப்ப மறிக்கிறது ஆர்?”

நாலு வருசம் அவருடைய பகிடியைக் கேட்டுச் சிரித்தவன் நான். மற்றவர்களிடம் அவர் கேட்கும்போது எவ்வளவு வேடிக்கையாக இருந்த கேள்வி. “நான்தான் அக்கா” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“அப்ப கையைத் தா.”

வாசலுக்கு வெளியே இருந்த வாகை மரத்தில் சுக்கானைக் கயிற்றால் கட்டினோம். அக்கா அதன் முதுகிலிருந்து வாரைக் கழற்றினார். “வாரோட விட்டால் வேலையெண்டு நினைப்பார். தண்ணியும் குடிக்கமாட்டார், மூத்திரமும் போகமாட்டார், அப்பிடியே நிண்டு சாவார்” என்றார். வாரை என் காவற்கொட்டிலின் ஆணியில் மாட்டினேன்.

அந்த எட்டு நாளும் நான் பட்ட பாடு. கதிரை பின்னுகிற இடம் பின்விறாந்தை. அங்கே கொண்டுபோய் விட்டால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். பிரம்பை ஊறவைக்கத் தண்ணீர்த் தொட்டிக்குப் போகவேண்டும், கதிரை எடுக்க மேல்மாடிக்குப் போகவேண்டும், கக்கூசுக்குப் போகவேண்டும், அரைமணிக்கு ஒருதரம் சுக்கானுக்குக் குரல் கொடுக்க வாசலுக்கு வரவேண்டும். ஒவ்வொன்றுக்கும், “வாசல்காரத் தம்பி!” நான் ஓடவேண்டும். படி இருக்கிறது என்று படி முடிந்த பிறகு சொல்வேன். திறந்திருந்த யன்னற்கதவில் அவருடைய நெற்றியை இடிக்கவைத்தேன்.

“தம்பி, நீ உன்ர உயரத்துக்குத்தான் பார்க்கிறாய். அவர் என்ர உயரத்துக்கும் பார்ப்பார்.”

நான் ஒருநாள் துரையைத் திட்டினேன். அக்கா மடியில் கிடந்த கதிரையைத் தட்டிக் காட்டினார். “இது அவற்ற. மற்றவையின்ரயெல்லாம் நடுவில தேய்ஞ்சிருக்கு. இது முன்விளிம்பில. வந்து ரெண்டு மாசம், அதுக்குள்ள விளிம்பு அறுந்துபோச்சு. சாய்ஞ்சு இருக்கத் தெரியாத மனுசன். எதுக்கோ பயந்தவர்.”

“பயந்தவரோ? எங்களையெல்லோ பயப்படுத்துறார்.”

“ரெண்டும் ஒண்டுதான்.”

எட்டாம் நாள் பதினொரு மணிபோலப் பிரம்பு ஊறவைக்க அக்காவைத் தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பத்து நிமிடம் இருக்கும், கூடிப்போனால் பதினைந்து. திரும்பி வாசலுக்கு வந்தேன். வாகை மரத்தில் கயிறு மட்டும் தொங்கியது. நுனி கத்தியால் அறுத்த மாதிரி நேராக இருந்தது. எதிரில் பீடி விற்கிறவன் இரண்டு கையையும் விரித்தான். “வண்டி வந்தது அண்ணை. தகடு எங்க எண்டு கேட்டாங்கள். எனக்கென்ன தெரியும்?”

தகடு வாரில் இருந்தது. வார் என் கொட்டிலில், ஆணியில்.

நான் உடனே ஓடவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கொட்டிலுக்குள் போய் வாங்குப் பலகையில் குந்தினேன். எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ தெரியாது. உள்ளிருந்து, “வாசல்காரத் தம்பி!” என்று குரல் வந்தபோது எழும்பிப் போனேன்.

சொன்னேன். அக்காவின் கையில் ஈரப் பிரம்பு இருந்தது. அதை ஒழுங்காகச் சுருட்டிக் கீழே வைத்தார்.

“எத்தினை மணி?”

“பதினொண்டரை அக்கா.”

“தகட்டை வாரில தைச்சது நான்தான். கழுத்தில போட்டிருக்கோணும். பிழை என்ரது” என்றார். பிறகு எழும்பினார். “துரையிட்டக் கூட்டிக்கொண்டு போ.”

துரையின் அறையில் அக்கா மேசைக்கு முன்னால் நின்று கையை நீட்டினார். வேலை செய்து காய்த்த கை.

“ஐயா, நாயை நாய்பிடிகாரர் கொண்டுபோட்டினம். ரெண்டு மணிக்கு முடிச்சுப்போடுவினம். முதல்ல மறிச்சது நீங்கள். கையைத் தாங்கோ, போவம்.”

துரை கதிரையின் விளிம்பில் இருந்தார். “எனக்கு வேலை இருக்கு. பியோனைக் கூட்டிக்கொண்டு போங்கோ.”

“பியோன் மறிக்கேல்ல.”

“நான் வர ஏலாது அம்மா.”

“அப்ப நான் நிக்கிறன்.”

நின்றார். கை நீட்டியபடியே. துரை கடதாசிகளைப் புரட்டினார். சுவரில் மணிக்கூடு அடித்துக்கொண்டே இருந்தது. பெரிய கிளாக்கர் வாசற்படியில் வந்து நின்றார். பன்னிரண்டேகால். பன்னிரண்டரை. இத்தனை வருசமும் அந்தக் கைக்கு மறுப்புச் சொன்னவர் ஒருவரும் இல்லை. வெட்கம் அவர்களை எழுப்பிவிடும். இந்த மனுசரின் நெற்றியில் வேர்வை துளிர்த்ததே தவிர ஆள் எழும்பவில்லை. இன்னும் நின்றால் அக்கா வெல்லக்கூடும். ஆனால் அதற்குள் சுக்கான் செத்துப்போகும். நான் பக்கத்தில் போய்க் காதுக்குள் சொன்னேன்: “அக்கா, நேரம் போகுது. நான் கூட்டிக்கொண்டு போறன். வாங்கோ.”

அக்கா நீட்டிய கையை மெல்ல இறக்கினார். அதை நான் பார்த்தேன். கிளாக்கரும் பார்த்தார். துரையும் பார்த்திருப்பார்.

“சரி. ஆற்ற கையெண்டாலும் பரவாயில்லை” என்றார்.

கிளாக்கர்தான் விறாந்தையில் கத்தினார்: “நடந்து போய் எப்ப சேர்றது? சைக்கிள்ல ஏத்துடாப்பா! வாசலை நான் பாக்கிறன்!”

சைக்கிளின் பின்கரியரில் அக்காவை ஏற்றினேன். வாரை அவர் மார்போடு அணைத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதற்தரம் சைக்கிள் ஏறுகிறவர். என் சேட்டின் முதுகுப்பக்கத்தை மறுகையால் முறுக்கிப் பிடித்திருந்தார். கச்சான் எதிர்க்காற்று மணலை முகத்தில் அடித்தது. மிதித்தேன், மிதித்தேன்.

கொட்டகைக்காரன் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான். வாரையும் தகட்டையும் பார்த்தான். “தகடு சரி. நாய் எது? காட்டு, திறந்துவிடுறன்.”

கம்பிவலைக்குள் முப்பது நாற்பது நாய்கள். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குரைத்தன. பாதிக்குமேல் மண்ணிறம். நான் பார்த்தேன், திரும்பவும் பார்த்தேன்.

“எங்க நிக்குது?” என்றார் அக்கா.

“தெரியேல்ல அக்கா.”

“நாலு வருசம் பார்த்தனி.”

நாலு வருசம் பார்த்தேன்தான். ஆனால் வாரைத்தான் பார்த்திருக்கிறேன். வார் இல்லாத நாயைப் பார்க்கவில்லை.

அக்கா வலையோடு முகத்தை வைத்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டார், குரைப்பில் அது அமுங்கிப்போனது. “குரைக்காமல் நிக்கிறது எது? அதைப் பார்.”

அப்போதுதான் அப்படித் தேடினேன். மூன்று குரைக்கவில்லை. இரண்டு மூலையில் படுத்திருந்தன. ஒன்று வலையோரம் கூட்டத்துக்குள் நெரிபட்டு நின்றது. அந்த இடத்தைச் சொன்னேன். கொட்டகைக்காரன், “கை வைக்காதேங்கோ! விசர் பிடிச்சதும் உள்ளுக்க கிடக்கலாம்!” என்று கத்துவதற்குள் அக்கா வலையின் கிழிசலால் முழங்கைவரை கையை விட்டுவிட்டார். ஏதோ ஒரு கறுப்பு நாய் பாய்ந்து மணிக்கட்டைக் கடித்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, இரத்தம் வழிய வழிய, கையை இன்னும் உள்ளே நீட்டினார். நெரிபட்டு நின்ற அந்த மண்ணிற நாயின் முதுகைத் தொட்டார். வார் அழுத்தி அழுத்தி மயிர் தேய்ந்த இடம் ஒன்று தோளுக்குப் பின்னால் இருந்ததாம். அவருடைய விரலுக்கு மட்டும் தெரிந்த இடம்.

“இவர்தான்” என்றார். “திறவுங்கோ.”

மணி ஒன்று நாற்பது.

கடித்த நாய்க்கு விசரா இல்லையா என்று பார்க்க யாரும் இல்லை. இரண்டு மணிக்கு அதுவும் போய்விட்டது. ஆகவே அக்காவுக்கு ஊசி. தொப்புளைச் சுற்றி, நாளுக்கு ஒன்று, பதினான்கு நாள். தினமும் சுக்கானோடு ஆஸ்பத்திரிக்கு நடந்து போய்வந்தார். நான் ஒருநாள் பார்க்கப் போனபோது வயிறு வீங்கிப் பாயில் கிடந்தார். “மறிச்சவருக்குப் போடவேண்டிய ஊசி, விலாசம் மாறி வந்திட்டுது” என்று சிரிக்கப் பார்த்தார். வயிறு நொந்தது, பாதியில் நிறுத்திவிட்டார்.

அந்தப் பதினான்கு நாளும் எங்கள் கந்தோரில் பதினெட்டுக் கதிரை அரைகுறையாகக் கிடந்தது. கிளாக்கர்மார் மரப்பெட்டியில் குந்தியிருந்து எழுதினார்கள். வாசலை விட்டுப் போனதற்காக எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இன்னொரு தரம் நடந்தால் வேலை போகும் என்று எழுதியிருந்தது. அதை மடித்துச் சேட்டுப்பையில் வைத்தேன். பலகையில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

பதினைந்தாம் நாள் காலை எட்டரைக்கு அக்கா வந்தார். ஒரு கை வயிற்றில், ஒரு கை பிரம்புக் கைபிடியில். தகடு இப்போது சுக்கானின் கழுத்தில். நான் கேற்றை ஒரு ஆள் போகிற அளவுக்குத் திறந்துவிட்டு மேல்மாடி யன்னலைப் பார்த்தேன்.

“கெதியாப் போங்கோ அக்கா. துரை இன்னும் யன்னலுக்கு வரேல்ல.”

அக்கா அசையவில்லை. “அப்ப ஓடர் அப்பிடியே இருக்கு.”

“இருக்கு. நான் பார்க்காத மாதிரி நிக்கிறன்.”

“நீயும் பார்க்காட்டி இஞ்ச ரெண்டு குருடு. அது சரிவராது தம்பி.” மூச்சு வாங்கினார். “இண்டைக்கு நீ விடுவாய். நாளைக்கு உனக்குக் காய்ச்சல் வந்தால் வேற ஒருத்தன் நிப்பான். திரும்ப அந்த மரம், திரும்ப அந்த வண்டி. இன்னொருக்கா எனக்கு ஏலாது. நான் நிக்கிறன். அவரைச் சொல்லச் சொல்லு.”

வாசலுக்கு வெளியே ஒரு அடி தள்ளி நின்றார். ஒன்பதாயிற்று, பத்தாயிற்று. வெயில் ஏறியது. நான் குடை கொண்டுவந்தேன்; வேண்டாம் என்றார். பெரிய கிளாக்கர் தண்ணீர் கொண்டுவந்தார். “தங்கச்சி, வயித்தில ஊசி போட்ட ஆள் வெயில்ல நிக்கலாமா?” அக்கா பாதித் தண்ணீரைக் குடித்து, மீதியைச் சுக்கானுக்கு உள்ளங்கையில் ஊற்றினார். கிளாக்கர் படியேறி மேலே போனார். மேலே என்ன கதைத்தார் என்று எனக்குத் தெரியாது. யன்னல்களில் ஒவ்வொன்றாகத் தலைகள் தெரியத் தொடங்கின.

பத்தரைக்குத் துரை இறங்கி வந்தார். கேற்றுக்கு மூன்று முழம் இருக்கும்போதே கால் நின்றுவிட்டது. சுக்கானைப் பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அம்மா, உங்களோட எனக்கு ஒரு கோபமும் இல்லை” என்றார். “என்ர தமையன் விசர்நாய் கடிச்சுச் செத்தவர். தண்ணிச் செம்பைக் கண்டு கத்தினவர். நான் பக்கத்தில நிண்டனான். சின்ன வயசு.”

அக்கா குரலைத் தணித்துச் சொன்னார்: “அந்தப் பயத்துக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன் ஐயா. அது உங்கட. ஆனால் அதைக் கொண்டுவந்து என்ர காலில கட்டாதேங்கோ.”

துரை தலையைக் குனிந்தார். “உள்ளுக்கு வாங்கோ.”

“நாயோடயோ?”

“ம்.”

“ம் எண்டால் கேற் திறக்காது.”

“நாயோட வாங்கோ” என்றார் துரை, தன் காற்சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு.

“ஆர் சொல்லுறது?”

“நான்தான்.”

அக்கா என் பக்கம் திரும்பினார். “வாசல்காரத் தம்பி, உனக்குக் கேட்டுதோ?”

துரைக்கும் எனக்கும் இடையில் மூன்று முழம். அவர் சொன்னதென்ன, அவர் விட்ட மூச்சே கேட்டது. சேட்டுப்பையில் கடிதம் இருந்தது. வீட்டில் மூன்று பிள்ளைகள். மேலே யன்னல் முழுக்க முகங்கள்.

“இல்லை அக்கா” என்றேன். “வடிவாக் கேக்கேல்ல.”

துரை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கேற்றின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தலையைத் தூக்கி, யன்னல்களுக்கும் இறங்குதுறைக்கும் சேர்த்துக் கேட்கிற குரலில் சொன்னார்:

“இந்த அம்மாவும் நாயும் எந்த நேரமும் உள்ளுக்குப் போகலாம்! ஒருத்தரும் மறிக்கக் கூடாது! நான் சொல்லுறன்!”

“இப்ப கேட்டுது ஐயா” என்று சொல்லிக் கேற்றின் இரண்டு சிறகையும் முழுதாகத் திறந்தேன்.

“நடவுங்கோ” என்றார் அக்கா சுக்கானிடம்.

துரை பாதையின் நடுவில் நின்றார். விலகியிருக்கலாம். விலகவில்லை, கண்களை மட்டும் இறுக மூடிக்கொண்டார். சுக்கான் அவருக்கு ஒரு முழம் முன்னால் நின்று பார்த்தது. பிறகு, வழியில் கிடக்கிற கல்லைச் சுற்றுவதுபோல, அக்காவின் தோள்கூட அவரில் படாமல் அவரைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனது.